நிறுத்தியும் நிற்காத ஊஞ்சல்: ஒரு பழுதின் முழு ஆய்வு

சென்ற மார்கழியின் கடைசி வாரத்தில், மோட்டாரில் ஆடும் குழந்தை ஊஞ்சல் ஒன்றைத் தஞ்சாவூரிலுள்ள எங்கள் பட்டறைக்கு வயதான அம்மா ஒருவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவருடைய மகள் கைக்குழந்தையுடன் ஊருக்கு வந்தபோது பெட்டியோடு எடுத்து வந்த ஊஞ்சல் அது. ஆறு வேக நிலைகளும் சில தாலாட்டு இசைகளும் அதில் இருந்தன. 6 வோல்ட் அடாப்டரிலோ நான்கு பெரிய பேட்டரிக் கட்டைகளிலோ அது ஓட வேண்டும். கொண்டுவந்த அன்று எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விளக்குகூட எரியவில்லை.

பழுதான பொருளைத் திறப்பதற்கு முன் அது பழுதான கதையைக் கேட்டுவிடுவது என் வழக்கம். அந்த அம்மா எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னார். ஊஞ்சலுடன் வந்த அடாப்டரை, பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றித் தரும் சிறிய கன்வெர்ட்டரில் செருகி வீட்டு பிளக்கில் போட்டிருக்கிறார்கள். அது உறுமிச் சூடாகி, சில நிமிடங்களில் தீய்ந்த வாடையோடு செத்துவிட்டது. பிறகு ஒரு கடையில் ஊஞ்சலைக் காட்டியபோது, அதன் துளையில் சரியாகப் பொருந்திய வேறோர் அடாப்டரைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு நாள் ஊஞ்சல் ஆடியது. "கைப்பிள்ளைய ஆட்டுற மாதிரி இல்ல தம்பி, வெடுக்கு வெடுக்குனு இழுத்துச்சு," என்றார். மூன்றாம் நாள் மாலை, குறைந்த வேகத்தில் ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சல் திடீரென்று முழு வீச்சுக்குப் போயிருக்கிறது. பொத்தானை அழுத்தியும் நிற்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் இருக்கையைக் கையால் பிடித்து நிறுத்தி, வாரை அவிழ்த்துக் குழந்தையைத் தூக்கிவிட்டார். கைவிட்ட பிறகும் மோட்டார் சில நொடிகள் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறது. அதன் பிறகு அது ஓடவே இல்லை.

பொத்தானை அழுத்தியும் நிற்கவில்லை என்ற அந்த ஒரு செய்தி, இந்த வேலையை நான் அணுகிய விதத்தை மாற்றிவிட்டது. ஓடாத ரேடியோவை ஓட வைத்தால் வேலை முடிந்தது. குழந்தை உட்காரும் பொருளில், ஏன் நிற்காமல் போனது என்பதற்கு விடை கிடைக்காமல் அதை மறுபடி ஓட வைத்துக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வராது.

இரண்டு அடாப்டர்கள்

அந்த அம்மா இரண்டு அடாப்டர்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தது பெரிய உதவியாக இருந்தது. முதலாவது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான கறுப்புப் பெட்டி. அதன் முதுகில் உள்ளீடு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் பொறித்திருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னழுத்தம் கிடைக்கும்போது, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் தாங்கக்கூடிய காந்தப்புலத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதன் பிறகு, மின்சாரம் முதலில் நுழையும் கம்பிச்சுருளான முதல்நிலைச் சுற்று மிக அதிகமான மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி, சுற்றுக்குள் புதைத்து வைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துபோகும். மல்டிமீட்டரை அதன் இரு பின்களிலும் வைத்தபோது தொடர்பே இல்லை. பின்னின் வடிவத்தை மாற்றும் கன்வெர்ட்டர் மின்னழுத்தத்தை மாற்றாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. லேப்டாப், கைபேசி சார்ஜர்களில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருப்பதால் அவை எந்த ஊரிலும் வேலை செய்கின்றன; அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாப் பொருளையும் அப்படியே செருகிவிடுகிறோம்.

இரண்டாவது அடாப்டர், செட்டாப் பாக்ஸுக்கும் இணைய ரௌட்டருக்கும் தரப்படும் வகை: வெளியீடு 12 வோல்ட், 2 ஆம்பியர். முனையின் அளவும், நடுவில் பாசிட்டிவ் என்ற முனைவு ஒழுங்கும் இரண்டிலும் ஒன்றே என்பதால், துளையில் அது தடையின்றி நுழைந்திருக்கிறது. ஊஞ்சலின் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் 6 வோல்ட் என்று தெளிவாக இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

ஊஞ்சல் ஆடும் விதம்

உள்ளே என்ன கெட்டிருக்கும் என்று ஊகிப்பதற்கு, இந்த ஊஞ்சல் எப்படி ஆடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். தூளி கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தூளியில் கட்டிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கும் பாட்டி, தூளியைத் தூக்கி ஆட்டுவதில்லை. அது தானாக வந்து திரும்பும் நேரம் பார்த்துக் கயிற்றைச் சிறிது இழுக்கிறார். காற்றும் முடிச்சும் தின்ற ஆற்றலை அந்தச் சிறு இழுப்பு ஈடுகட்டிவிடுகிறது. மோட்டார் ஊஞ்சலும் அவ்வளவையே செய்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு மோட்டார், பல்சக்கரங்கள் வழியாக ஒரு ஸ்பிரிங்கை இழுத்து, ஸ்பிரிங்கின் மூலம் ஊஞ்சலின் அச்சை மெதுவாக உந்துகிறது.

எவ்வளவு உந்த வேண்டும் என்று முடிவு செய்வதற்கு, ஊஞ்சல் எவ்வளவு தூரம் போகிறது என்று கட்டுப்பாட்டுச் சிப்புக்குத் தெரிய வேண்டும். அதற்காக அச்சின் மேல் விசிறி போன்ற ஒரு பிளாஸ்டிக் தகடு பொருத்தப்பட்டு, அதன் விளிம்பில் வரிசையாகச் சீப்புப் பல்லைப் போல் துளைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தகட்டின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி., மறுபக்கம் அந்த ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். ஊஞ்சல் ஆடும்போது ஒளி விட்டு விட்டுத் தெரியும். ஒரு வீச்சில் எத்தனை துளைகள் கடந்தன என்ற எண்ணிக்கையே வீச்சின் அளவு. கோடியில் ஊஞ்சல் ஒரு கணம் நின்று திரும்புவதால், அங்கே மட்டும் இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட நேரம் நீள்கிறது. திரும்பும் இடம் எது என்பதையும் சிப் அதிலிருந்து அறிந்துகொள்கிறது. துளைகள் குறைந்தால் மோட்டாருக்குச் சக்தி கூட்டப்படும், அதிகமானால் குறைக்கப்படும், துளைகளே கடக்காவிட்டால் ஏதோ தடுக்கிறது என்று கருதி மோட்டார் நிறுத்தப்படும். ஒரு எல்.இ.டி.யும் ஒரு டிரான்சிஸ்டரும் சேர்ந்து பாட்டியின் கண்ணுடைய வேலையைச் செய்வதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

குழந்தை கனமாக இருந்தால் ஊஞ்சல் மெதுவாகத்தான் ஆடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது எடை அல்ல, தொங்கும் நீளமே. இந்த ஊஞ்சலில் அது சுமார் 60 சென்டிமீட்டர், கணக்குப்படி 1.55 நொடி வர வேண்டும். பின்னர் நிறுத்தற்கடிகாரம் வைத்துப் பத்து ஆட்டங்களை எண்ணியபோது பதினைந்தரை நொடி வந்தது.

முதல் பழுது

அடிப்பெட்டியின் திருகுகளைக் கழற்றி போர்டை வெளியே எடுத்தவுடன் இரண்டு விஷயங்கள் கண்ணிலேயே பட்டன. மின் உள்ளீட்டை ஒட்டியிருந்த 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரின் தலை உப்பி, அதன் அடியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து கிடந்தது. அதன் உடலில் அச்சிட்டிருந்த எல்லை 10 வோல்ட். அதில் 12 வோல்ட் பாய்ந்திருக்கிறது. அடுத்து, மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட்டின் மேற்பரப்பில் எழுத்துகள் கருகிப்போய், மிளகின் பாதி அளவுள்ள ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது.

மல்டிமீட்டரில் ஃபியூஸ் அறுந்திருந்தது தெரிந்தது. அடாப்டர் வழியும் பேட்டரி வழியும் சேரும் இடத்துக்குப் பிறகு அந்த ஃபியூஸ் இருந்ததால்தான், புதிய பேட்டரிக் கட்டைகளைப் போட்டும் ஊஞ்சல் அசையவில்லை. மாஸ்ஃபெட்டில் மின்னோட்டம் நுழையும் காலான டிரெயினுக்கும் வெளியேறும் காலான சோர்ஸுக்கும் இடையே 0.4 ஓம் மட்டுமே இருந்தது. அதாவது, மோட்டாரை நிறுத்தவும் ஓட்டவும் வேண்டிய சுவிட்ச் மூடிய நிலையிலேயே உருகி ஒட்டிவிட்டது. பொத்தானை அழுத்தியும் நிற்காததன் காரணம் இதுதான். சிப் நிறுத்தச் சொல்லியிருக்கிறது; அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டிய உறுப்பு செத்துப்போயிருந்தது. முழு வேகத்தில் ஓடிய மோட்டார், இருக்கை கையால் தடுக்கப்பட்டபோது தேங்கி நின்று அதிக மின்னோட்டத்தை இழுக்க, ஃபியூஸ் அறுந்து எல்லாம் அடங்கியது. அந்த மாலையில் கடைசியாகக் காப்பாற்றியது அந்தச் சிறு ஃபியூஸ். இப்படிப்பட்ட இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி இழையைச் சுற்றி ஈயம் வைத்து அனுப்பும் வழக்கத்தை நான் பல போர்டுகளில் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் அதைச் செய்திருக்கவில்லை என்பது ஆறுதல்.

ஃபியூஸை மட்டும் மாற்றி உடனே முழு மின்சாரம் கொடுப்பது தவறு. மின்னோட்ட எல்லை வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 6 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று வைத்து இணைத்தேன். அத்தகைய சப்ளை இல்லாதவர்கள் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டு இதே பயனைப் பெறலாம். இணைத்த கணத்திலேயே சப்ளை எல்லையைத் தொட்டு, மின்னழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கு விழுந்தது, மோட்டார் முனகியது. மோட்டாரின் இணைப்பை உருவியபோது மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது, உப்பிய கப்பாசிட்டரையும் கழற்றியபோது 11 ஆனது. அந்த நிலையில் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது; தாலாட்டும் கேட்டது.

அந்த நொடியில்தான் எனக்கு மூச்சு வந்தது. இந்த ஊஞ்சலின் சிப், போர்டின் மேலேயே ஒட்டிக் கறுப்புப் பிசின் ஊற்றி மூடப்பட்ட வகை. அது கெட்டிருந்தால் மாற்றுச் சிப்புக்கு வழியே இல்லை, ஊஞ்சல் பரணுக்குத்தான் போக வேண்டும். சிப்புக்கு முன்னால் இருந்து மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைத்துச் சீராகத் தரும் ரெகுலேட்டர் 24 வோல்ட் வரை தாங்கும் வகையாக இருந்ததால், 12 வோல்ட்டைத் தானே வாங்கிக்கொண்டு சிப்பைக் காத்திருக்கிறது. அதன் வெளியீடு 3.29 வோல்ட்.

மாஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவனம் தேவைப்பட்டது. கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஐ.ஆர்.எஃப்.இசட்.44 என்ற பெரிய மாஸ்ஃபெட். ஆம்பியர் கணக்கில் அது பல மடங்கு பெரியது என்றாலும், திறக்கும் உத்தரவை வாங்கும் கால் கேட்; அந்த மாஸ்ஃபெட் முழுமையாகத் திறக்க அதன் கேட்டுக்கு 10 வோல்ட் வேண்டும். இங்கே சிப் தருவது 3.3 வோல்ட் மட்டுமே. பாதி திறந்த நிலையில் அது சூடாகி, பழைய கதையே திரும்பும். அதனால் 2.5 வோல்ட்டிலேயே திறக்கும் ஏ.ஓ.3400 என்ற சிறு மாஸ்ஃபெட்டைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தேன். அது 30 வோல்ட்டும் 5 ஆம்பியருக்கு மேலும் தாங்கும். மோட்டாரின் சுற்று மின்தடை 3.6 ஓம், 6 வோல்ட்டில் அது தேங்கி நின்றால்கூட 1.7 ஆம்பியருக்கு மேல் போகாது. மோட்டார் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை விழுங்கும் டையோடு, சோதனையில் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் புதிய மாஸ்ஃபெட்டின் ஆயுள் அதைச் சார்ந்திருப்பதால் அதையும் மாற்றினேன். கப்பாசிட்டருக்கு 25 வோல்ட் தாங்குவதைப் போட்டேன். உயரம் கூடுதலாக இருந்ததால் படுக்க வைத்துப் பசையால் ஒட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது பழுது

இவ்வளவும் முடிந்து ஊஞ்சலைப் பூட்டி ஆட்டிப் பார்த்தபோது, அது அழகாக ஆரம்பித்து, சுமார் இருபது நொடிகளில் நின்று விளக்கைச் சிமிட்டியது. கையால் தள்ளிவிட்டாலும் அதே கதைதான். இப்படி நடப்பதைப் பார்த்து, மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று மோட்டாரையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஊஞ்சல் நல்ல வீச்சில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் நிறுத்தப்படுகிறது என்றால், ஊஞ்சல் ஆடுவதே சிப்புக்குத் தெரியவில்லை என்று பொருள்.

ஒளியை உணரும் டிரான்சிஸ்டரின் முனையில் மீட்டரை வைத்து, இருக்கையைக் கையால் மிக மெதுவாக நகர்த்தினேன். தகடு ஒளியை மறைக்கும்போது 3.2 வோல்ட், துளை நேராக வரும்போது அது 0.3 வோல்ட்டுக்குக் கீழே விழுந்திருக்க வேண்டும். 2.1 வோல்ட்டோடு நின்றது. குறுகிய இடுக்கில் துணி இழைகள் படிந்திருந்ததால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். 1.9 ஆனது. போதவில்லை.

அடுத்து எல்.இ.டி.யை அளந்தேன். அதோடு சீரிஸில் இருந்த 150 ஓம் மின்தடையின் குறுக்கே 4.8 வோல்ட், அதாவது 32 மில்லி ஆம்பியர் முறையாகப் பாய்ந்துகொண்டிருந்தது. மின்சாரக் கணக்கில் குறையே இல்லை. பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் முன்பக்கக் கேமராவை அதன் மேல் பிடித்தேன். பக்கத்தில் ஒப்பிடுவதற்காக வேறொரு நல்ல எல்.இ.டி.யையும் அதே மின்னோட்டத்தில் எரியவிட்டேன். நல்லது திரையில் ஊதா கலந்த வெண்மையில் பளிச்சென்று தெரிந்தது. ஊஞ்சலில் இருந்தது, அணையப்போகும் ஊதுவத்தி நுனியைப் போல் மங்கித் தெரிந்தது. மின்னோட்டத்தை வாங்கிக்கொள்கிறது, ஒளியைத் தரவில்லை.

காரணம் அதே 12 வோல்ட்தான். இந்த எல்.இ.டி. ரெகுலேட்டருக்குப் பிறகு இணைக்கப்படாமல், நேரடியாக உள்ளீட்டு மின்சாரத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. 12 வோல்ட்டில் அதன் வழியே 72 மில்லி ஆம்பியர் பாய்ந்திருக்கும். எல்.இ.டி.யும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த இந்த வகை உணரிகளில் எல்.இ.டி.யின் எல்லை பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியர். இரண்டு நாள் அப்படி எரிந்ததில் அதன் உயிர் பெரும்பகுதி போய்விட்டது. முதல் பழுதை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருந்தால், ஒரு வாரத்தில் அந்த அம்மா மறுபடி ஆட்டோ பிடித்து வந்திருப்பார்.

மாற்று உணரியைச் செத்துப்போன பழைய பிரிண்டர் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்தேன். காகிதம் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு அவற்றில் இதே அமைப்பு இருக்கும். இடுக்கின் அகலம் இரண்டிலும் 5 மில்லிமீட்டராக இருந்தது. ஆனால் கால்களின் வரிசை வேறு. எது எல்.இ.டி. எது டிரான்சிஸ்டர் என்று மீட்டரின் டையோடு நிலையில் உறுதிசெய்துகொண்டு, இரண்டு கால்களைக் குறுக்காக ஒயரில் இணைத்தேன். துளை நேராக வந்தபோது மீட்டர் 0.2 வோல்ட் காட்டியது.

ஊஞ்சலின் மூல அமைப்பில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன். ஃபியூஸுக்குப் பின்னால், 6.5 வோல்ட் வரை அமைதியாக இருந்து, 7 வோல்ட்டைத் தாண்டியதும் கடத்தத் தொடங்கும் டி.வி.எஸ். டையோடு ஒன்றைப் பற்றவைத்தேன். இனி யாராவது 12 வோல்ட்டைச் செருகினால் அது மின்சாரத்தைத் தன் மேல் இழுத்துக்கொண்டு ஃபியூஸை அறுத்துவிடும். புதிய பேட்டரிக் கட்டை ஒவ்வொன்றும் 1.6 வோல்ட் வரை காட்டும், நான்குக்கும் 6.4 வரும் என்பதால்தான் 6.5ஐத் தேர்ந்தேன். ஊஞ்சலுக்குப் புதிதாகக் கொடுத்த அடாப்டர், நம் வீட்டு 230 வோல்ட்டில் ஓடி, ஒழுங்குபடுத்தப்பட்ட 6 வோல்ட், 2 ஆம்பியர் தருவது.

சுமையுடன் சோதனை

ஏழு கிலோ அரிசியை இரண்டு பைகளில் கட்டி, போர்வையில் சுற்றி, குழந்தைக்குப் போடும் அதே வாரால் இருக்கையில் பிணைத்தேன். ஆறு வேகங்களிலும் அரைமணி நேரம் வீதம் மூன்று மணி நேரம் ஓடியது. சராசரி மின்னோட்டம் 260 மில்லி ஆம்பியர். மாஸ்ஃபெட் தொட்டால் வெதுவெதுப்பு மட்டுமே. மூன்று கிலோவாகக் குறைத்தபோதும் பத்து ஆட்டங்களுக்கு அதே பதினைந்தரை நொடிதான்.

பிறகு, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றிய சோதனை: ஓடும் ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்தினேன். ஒவ்வொரு வேகத்திலும், மூன்று முறை வீதம், பதினெட்டு முறை. எல்லா முறையும் மோட்டார் தானாக அடங்கி விளக்கு சிமிட்டியது. பொத்தானை அழுத்தி நிறுத்தும் சோதனையையும் அதே எண்ணிக்கையில் செய்தேன். கடைசியாகப் பழைய 12 வோல்ட் அடாப்டரை வேண்டுமென்றே செருகினேன். ஃபியூஸ் அறுந்தது, வேறெதுவும் கெடவில்லை. புதிய ஃபியூஸ் போட்டு மூடினேன்.

திருப்பிக் கொடுப்பதற்கு முன், இந்த மாடல் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்த்தேன். வெளிநாட்டில் வாங்கிய குழந்தைப் பொருள்களுக்கு இதைத் தவறாமல் செய்கிறேன். 2024 அக்டோபரில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் ஸ்னூகா என்ற ஊஞ்சல் வரிசையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு அப்படி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குழந்தைகள் அதில் தூங்கவிடப்பட்ட நிலையில் ஐந்து இறப்புகள் பதிவாகியிருந்தன. அங்கே மோட்டாரிலோ போர்டிலோ பழுது இல்லை. தலைக்கும் உடலுக்கும் வைத்த மெத்தைகளே அகற்றச் சொல்லப்பட்டன. எங்கள் பட்டறைக்கு வந்தது அந்த வரிசையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் சாய்ந்த இருக்கையில் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் சரிந்து மூச்சுப்பாதை மடங்கக்கூடும் என்பது எல்லா ஊஞ்சலுக்கும் பொருந்தும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஊஞ்சலில் குழந்தை தூங்கிவிட்டால் தூக்கிச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்கிறது. அந்த அம்மாவிடம் இதை உட்கார வைத்துச் சொன்னேன். பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு வாங்கிக்கொண்டு போனார். மின் துளைக்குப் பக்கத்தில் "6 வோல்ட் மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, அந்த 12 வோல்ட் அடாப்டரை வீட்டுக்கு எடுத்துப் போக விருப்பமில்லை என்று எங்கள் மேசையிலேயே வைத்துவிட்டார்.

மாசிக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போய் அடிப்பெட்டியைத் திறந்து உணரியின் மின்னழுத்தத்தை அளந்தேன். துளை நேராக இருக்கும்போது 0.2 வோல்ட், மறைக்கும்போது 3.2 வோல்ட், மாற்றம் இல்லை. இடுக்கில் சேர்ந்திருந்த இரண்டு நூல் இழைகளை மட்டும் எடுத்துவிட்டு மூடினேன்.